பாரபட்சம் இல்லாத காலுறை

காலில் ரத்தம் உறைந்தவர்களைப் பற்றி டாக்டர் எழுதிய கட்டுரை பெரிய மருத்துவ இதழில் வெளியான அன்று, ஆஸ்பத்திரி லிஃப்ட் அவருக்காக நின்றது. அதற்கு முன் அது எந்த மாடியிலும் யாருக்காகவும் நின்றதில்லை. கதவு திறந்து, காத்திருந்து, அவர் உள்ளே வந்தபிறகுதான் மூடியது என்று லிஃப்ட் ஆபரேட்டரே சொன்னார். மறுநாளிலிருந்து பழையபடி பழுது.

ஊரில் எல்லோரும் அவரை நரம்பு டாக்டர் என்றார்கள். அவர் பார்ப்பது நரம்பை அல்ல, சிரையை. கெட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் அது. நரம்பு வேறு சமாச்சாரம். ஆனால் கை நடுக்கம், தலைசுற்றல், மாமியார் மேல் கோபம் எல்லாவற்றுக்கும் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். ஆரம்பத்தில் படம் போட்டு விளக்கினார். பிறகு சுவரில் எழுதி ஒட்டினார். கடைசியில் வாயை மூடிக்கொண்டு மாத்திரை எழுதத் தொடங்கினார். பொறுமை என்பது அவருக்கு அன்றைக்கே பாதி தீர்ந்திருந்தது. மீதிப் பாதி தீர்ந்த கதைதான் இது.

காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டிக்கொண்டால் மருந்து கொடுத்துக் கரைத்துவிடலாம். ஆனால் சிலருக்கு அதற்குப் பிறகு கால் வீங்கும், கனக்கும், கணுக்காலைச் சுற்றிக் கறுக்கும், புண்கூட வரும். அது வராமல் இருக்க இறுக்கமான காலுறை ஒன்று கொடுப்பார்கள். முழங்கால் வரை ஏறும். பவுடர் போட்டு, பல்லைக் கடித்து, சுவரில் சாய்ந்து நின்று மாட்ட வேண்டும். அது உண்மையிலேயே உதவுகிறதா என்பதுதான் டாக்டரின் கேள்வி.

அதற்காக ஓர் ஆய்வு வைத்தார்: பாதிப் பேருக்கு நிஜமான இறுக்கக் காலுறை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே உறையில் தொளதொளப்பான காலுறை. ஆளுக்கு இரண்டு, போட ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, காலை அளப்பவருக்கும் தெரியாது. தன் கண் பட்டால்கூட ஆய்வு கெட்டுவிடும் என்று, அதை நடத்தும் பொறுப்பைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த சிரிப்பு டாக்டரிடம் ஒப்படைத்தார். சிரிப்பு டாக்டர் நோயாளி செத்துப்போனார் என்ற செய்தியைக்கூட முகம் மலரச் சொல்பவர். மற்றபடி நல்ல மனிதர்.

வருடக்கணக்கில் ஆய்வு நடந்து முடிவும் வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒரு கோடு விட்டுப்போய்விட்டதா என்று அச்சகத்துக்காரர் ஃபோன் செய்து கேட்டார். கணக்குப் போட்டவர் தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான முடிவைப் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறுக்கக் காலுறையால் பயனில்லை என்று கட்டுரை சொன்னது. டீன் வாசலில் பேனர் கட்டினார். சுகாதாரத் துறையின் இலவசப் பொருள் குழு, அடுத்த கூட்டத்திலேயே காலுறையை இலவசப் பட்டியலிலிருந்து எடுத்துவிடப்போவதாகச் செய்தி வந்தது. தன் எழுத்து ஒரு அரசாங்கத்தையே அசைத்துவிட்டதே என்று டாக்டருக்கு அன்று கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

மிதப்பு மாடிக் கொடிக்கயிறு வரைதான் நீடித்தது.

மனைவியின் அண்ணன் வந்து தங்கியிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்ததில் இடது காலில் ரத்தம் கட்டி, அவரும் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். காலையில் துணி எடுக்க மாடிக்குப் போன டாக்டர், மச்சானின் இரண்டு காலுறைகளும் காற்றில் ஆடுவதைப் பார்த்தார். ஆய்வுதான் முடிந்துவிட்டதே, தொட்டுப் பார்த்தால் என்ன என்று ஒன்றை இழுத்தார். ரப்பர் போல முரண்டு பிடித்தது. இன்னொன்றை இழுத்தார். தலையணை உறை மாதிரி வந்தது.

டாக்டர் இரண்டையும் மாற்றி மாற்றி இழுத்தார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்த அம்மாள், நரம்பு டாக்டருக்கே நரம்புத் தளர்ச்சி என்று அன்றே தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

“மச்சான்! மச்சான்! இங்க வாங்க!”

மச்சான் பல்துலக்கும் பிரஷோடு மேலே வந்தார். “என்ன மாப்ளே, வீடு பத்திக்கிச்சா?”

“இது ரெண்டும் உங்களுதா?”

“பின்ன, உங்களுதா?”

“ஒண்ணு இறுக்கமா இருக்கு, ஒண்ணு தொளதொளன்னு இருக்கு.”

“ஆமா. அதானே முறை.”

“என்ன முறை?”

“ஆளுக்கு ஒண்ணு இறுக்கம், ஆளுக்கு ஒண்ணு லூசு. பெரிய டீச்சர் பிரிச்சுக் குடுத்தது.” மச்சான் நுரையைத் துப்பிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தார். “ஏன் மாப்ளே, உங்களுக்கு மயக்கம் கியக்கம் வருதா? தங்கச்சி! கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா!”

பெரிய டீச்சர் என்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவரும் நோயாளி, வலது கால். அவர் வீட்டுக்கு டாக்டர் அன்றே ஓடினார். மச்சானும் கூடவே வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். காலை அளப்பவர் காலுறையைப் பார்த்து எந்த வகை என்று ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, நோயாளிகள் வெளியே பெஞ்சிலேயே அதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் விதி வைத்திருந்தார். அந்த விதியை யோசித்த நாளில் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவர் அவர். காலுறையில் எண் போட்ட துணிச் சீட்டு இருந்தது. அது காலில் அரித்ததால் முதல் வாரமே எல்லோரும் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

“முதல் தடவையே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு டாக்டர்,” என்றார் பெரிய டீச்சர், மார்க் போடும் குரலில். “ஒருத்தர் மாட்ட முடியாம மூச்சு வாங்குறார். பக்கத்துல ஒருத்தர் செருப்பு மாட்டுற மாதிரி மாட்டிட்டுப் போயிட்டே இருக்கார். இது என்ன நியாயம்? ஃபேக்டரில தப்பா தச்சுட்டாங்க போலன்னு நினைச்சேன்.”

“யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?”

“அந்தச் சிரிக்கிற டாக்டர்கிட்ட போய், எங்களுக்குள்ள சரிசமமா பிரிச்சுக்கட்டுமான்னு கேட்டேன். சிரிச்சார். சரின்னு அர்த்தம்னு எடுத்துக்கிட்டேன்.”

“அவர் எல்லாத்துக்கும் சிரிப்பாரே!”

“அது எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் ஒரே மாதிரி வலியில கிடக்கிறவங்க. ஒருத்தருக்கு ரெண்டும் இறுக்கம், ஒருத்தருக்கு ரெண்டும் லூசுன்னா அது பாரபட்சம். அதான் கூடையக் கொட்டி ஆளுக்கு ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் புதுசா சேர்ற எல்லாருக்கும் வந்த அன்னைக்கே மாத்திக் குடுத்துடுவோம். ஒரு சண்டை சச்சரவு கிடையாது, தெரியுமா?”

“எங்க பெஞ்சு மாதிரி ஒத்துமையான பெஞ்சு எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது மாப்ளே,” என்றார் மச்சான். “கிட்டப் பார்வைக்காரர் ஒருத்தர் தெரியாம ரெண்டு இறுக்கத்த எடுத்துட்டுப் போயிட்டார். பஸ் ஏறி வந்து திருப்பிக் குடுத்தாரு. அவ்வளவு நாணயம்.”

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு கூட்டம் இல்லை, ஒரே கூட்டம்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் ஒருநாள் இறுக்கம், ஒருநாள் தொளதொளப்பு. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்ததில் என்ன அதிசயம்? உலகத்தில் இதுவரை நடந்த எந்த ஆய்வும் அவ்வளவு நியாயமாக நடந்திருக்காது.

“தினமும் போட்டீங்களான்னு கேட்டாங்க, போட்டோம்னு சொன்னோம். பொய் சொல்லலியே,” என்றார் டீச்சர். “இப்ப அதனால என்ன கெட்டுப்போச்சு?”

“காலுறையால பிரயோஜனம் இல்லன்னு நான் எழுதிட்டேன் டீச்சர். அத நம்பி இனிமே யாருக்கும் குடுக்கப் போறதில்ல.”

டீச்சர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். “எங்க பெஞ்சுல பாதிப் பேருக்கு அது கடையில காசு குடுத்து வாங்க முடியற பொருள் இல்ல டாக்டர்,” என்றார் மெதுவாக.

“பிரயோஜனம் உண்டா, சொல்லுங்க மாப்ளே?”

“அதான் மச்சான், தெரியாது! உண்டுன்னும் தெரியாது, இல்லன்னும் தெரியாது. கேள்வி கேட்ட இடத்துலயே நிக்குது!”

“இத்தன வருஷம் ஆராய்ச்சி பண்ணியுமா?”

டாக்டர் எழுந்து செருப்பை மாட்டினார். சொல்லக்கூடிய பதில் எதுவும் உறவு முறைக்கு ஒத்துவராது.

குழு கூடுவதற்குள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்று கிளம்பினார். முதலில் சிரிப்பு டாக்டர். அவர் முழுவதையும் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, தனக்குக் கிடைத்த பதவி உயர்வு அந்தக் கட்டுரையால் வந்தது என்பதையும் சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். அடுத்து டீன்.

“தப்புன்னா எப்படித் தப்பு? பேனர் கட்டியாச்சே,” என்றார் டீன்.

“சார், பேனர அவுத்துடலாம்.”

“அவுத்தா கீழ பழைய பேனர் இருக்கு. அதுல இருக்கிற டாக்டர் இப்ப ஜெயில்ல இருக்கார். நீங்களே பரவாயில்ல.”

இதழுக்கு எழுதினார். திரும்பப் பெற வேண்டுமானால் கட்டுரையில் பெயர் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. அதில் ஒருவர் காலமாகிவிட்டார். காலமானவர் இணைய வழியில் ஒப்புதல் தந்தாலும் போதும் என்று இதழ் தாராளமாக ஒரு இணைப்பு அனுப்பியது. அது வேலைக்காகாது என்று, கட்டுரையில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டி ஆசிரியருக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். இதழ் அதை ஒரு நிபுணரின் பார்வைக்கு அனுப்பியது. கடிதம் எழுதியவர் இந்தத் துறையின் அரிச்சுவடி அறியாதவர், முதலில் டாக்டரின் கட்டுரையை ஊன்றிப் படிக்கட்டும் என்று நிபுணர் எழுதினார்.

டாக்டர் அதற்கு மறுப்பு எழுதினார். அப்போது இதழ், யாருடைய கட்டுரை விமர்சிக்கப்படுகிறதோ அவருக்கும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்ற விதிப்படி, டாக்டரின் கடிதத்தை டாக்டருக்கே அனுப்பி விளக்கம் கேட்டது. கடிதத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் சத்தியம், நான் முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதி, கையெழுத்தைக் கோபத்தில் பேப்பர் கிழிகிற மாதிரி போட்டு அனுப்பினார். இரண்டு தரப்பும் ஒத்துப்போனதில் மகிழ்ச்சி, கருத்து வேறுபாடு இல்லாததால் வெளியிட எதுவும் இல்லை என்று இதழ் விவகாரத்தை முடித்துவைத்தது. கூடவே, மற்றவர் கட்டுரைகளை மதிப்பிடும் நிபுணராக வர விருப்பமா என்றும் கேட்டிருந்தது.

அன்று டாக்டர் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“என்னங்க, காபி ஆறுது,” என்றாள் மனைவி.

“ஆறட்டும்.”

“தப்பு பண்ணிட்டேன்னு சொல்றதுக்கு ஒரு மனுஷன் இவ்வளவு அலையணுமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து என்கிட்ட ஒருதடவ சொல்லுங்கன்னு கேக்கறேன், சொன்னதில்ல. ஊர் பூரா போய்ச் சொல்றீங்க.”

“உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்குவ. அவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்களே!”

குழுக் கூட்டத்துக்கு அவர் நேரில் போனார். மச்சானும் பெரிய டீச்சரும் கூட வந்தார்கள். நீளமான மேஜை, ஓடாத மின்விசிறி, ஒவ்வொருவர் முன்னாலும் டாக்டரின் கட்டுரை. தலைவர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

“உங்க கட்டுரையாலதான் எங்களுக்கு வேலை சுலபமாச்சு டாக்டர்.”

“அந்தக் கட்டுரை தப்புங்க.”

தலைவர் கட்டுரையைப் புரட்டினார். “அச்சுப் பிழையா?”

“இல்லங்க, முழுசாவே தப்பு. நோயாளிங்க காலுறைய மாத்திப் போட்டுட்டாங்க.”

“சரி. அப்ப காலுறை உதவுதுங்கறீங்க.”

“அப்படிச் சொல்லலிங்க.”

“உதவலைங்கறீங்க.”

“அதையும் சொல்லலிங்க. தெரியாதுங்கறேன்.”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியாது என்பதைச் சொல்வதற்காக ஒரு நிபுணர் பஸ் பிடித்து வந்தது அந்தக் கட்டடத்தில் அதுவே முதல் தடவை. குறிப்பெழுதுபவர், இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்களுக்கு ரெண்டு கட்டம்தான் டாக்டர்,” என்றார் தலைவர். “வேணும், வேணாம். தெரியாதுக்குக் கட்டம் கிடையாது. நீங்க ஓய்வு எடுங்க, ரொம்ப வேல செஞ்சுட்டீங்க. கட்டுரை தெளிவா இருக்கு. நாங்க கட்டுரைய வச்சு முடிவெடுத்துக்கறோம்.”

“கட்டுரைய எழுதினதே நான்தானே ஐயா!”

“எழுதினப்ப நீங்க அமைதியா இருந்திருப்பீங்க. இப்ப உணர்ச்சிவசப்படறீங்க.”

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் பெரிய டீச்சர் எழுந்தார். அவர் எழுந்த விதத்தில் குழுவில் இரண்டு பேர் தங்களை அறியாமல் எழுந்து நின்றுவிட்டு, பிறகு வெட்கத்தோடு உட்கார்ந்தார்கள்.

“நான்தான் மாத்திக் குடுத்தது,” என்றார். “எனக்கு ஆராய்ச்சி தெரியாது. நான் செஞ்சதால ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமப் போச்சுன்னு இவர் சொன்னாரு, புரிஞ்சுது. தப்பு என்னோடது. ஆனா ஒண்ணு கேக்கறேன். பதில் தெரியாத கணக்குக்கு நீங்க எப்படி முட்டை போடுவீங்க? இப்ப குடுத்துட்டிருக்கறதக் குடுங்க. இவர் திரும்பவும் பாக்கட்டும். தெரிஞ்சப்புறம் நிறுத்தணும்னா நிறுத்துங்க, நானே வந்து கழட்டிக் குடுக்கறேன்.”

சொல்லிவிட்டுத் தன் காலை மேஜைக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். அன்று இறுக்கத்தின் முறை. கணுக்காலுக்கு மேல் பழைய கறுப்பு தெரிந்தது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். காலுறை தொடரட்டும் என்று முடிவானது.

வெளியே படிக்கட்டில் டாக்டர் மச்சானின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு முழுசாக வந்தது. அரசாணை வரும்வரை வந்துகொண்டிருந்தது.

அரசாணையில், ‘புகழ்பெற்ற மருத்துவரின் உன்னத ஆய்வு முடிவுக்கு மாறாக இருந்தபோதிலும், நோயாளிகளின் உணர்வுகளை மதித்து’ என்று எழுதியிருந்தது. மருத்துவர் சங்கம் கொதித்துவிட்டது. ஒரு விஞ்ஞானியை அரசாங்கம் இப்படி அவமதிக்கலாமா என்று கூட்டம் போட்டார்கள். அந்தப் பெரிய இதழ் தலையங்கமே எழுதியது. கட்டுரை முன்னைவிடப் பல மடங்கு படிக்கப்பட்டது. டாக்டர் ஒலிபெருக்கி முன் போய் நின்று, கட்டுரை தப்பு, குழு செய்தது சரி என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு நொந்த மனிதர் எவ்வளவு பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்று பின்வரிசையில் ஒரு மயக்க மருந்து நிபுணர் விசும்பி அழுதார்.

சங்கம் ஊர்வலம் கிளம்பியது. காலுறையை நிறுத்து என்ற மனுவை டாக்டரின் கையில் திணித்து, அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் திரும்பினால் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளாகத் தெரிந்தன. அவற்றின் நடுவில் ஒரு காக்கிச் சட்டை, எல்லோரையும்விட உரக்க அவர் பெயரைச் சொல்லி வாழ்க போட்டுக்கொண்டிருந்தது.

“மச்சான்! நீங்க எதுக்கு இங்க?”

“நம்ம வீட்டு மாப்பிள்ளைய அவமானப்படுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. சும்மா இருக்க முடியுமா?”

“இந்த மனு குடுத்தா உங்க காலுறை போயிடும்!”

மச்சான் யோசித்தார். “அப்ப குடுக்காதீங்க,” என்றார். “வாழ்க மட்டும் போட்டுக்கறேன்.”

டாக்டர் குழுத் தலைவரின் அறைக்குத் தனியாகத் தள்ளப்பட்டார். மனுவை மேஜையில் வைத்தார்.

“இத வாங்காதீங்க,” என்றார்.

தலைவர் மனுவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்னதான் வேணும் டாக்டர்?”

“திரும்பவும் ஆய்வு பண்ணணும். அதுவரைக்கும் எல்லாரும் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்.”

“சும்மா இருக்கறதுதானே? அத நீங்க முதல்லயே கேட்டிருக்கலாம்.” தலைவர் மனுவின் தலையில் ‘பரிசீலனையில்’ என்று எழுதி, கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பூட்டும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த வேலையில் அவர் தேர்ந்தவர்.

மனு பரிசீலனையில் என்று வெளியே வந்து சொன்னதும் கூட்டம் வெற்றி என்று கத்திவிட்டுக் கலைந்தது. மச்சானும் டாக்டரும் மட்டும் நடைபாதையில் நின்றார்கள்.

“பரிசீலனைன்னா என்ன மாப்ளே, நிறுத்துவாங்களா?”

“நிறுத்த மாட்டாங்க.”

“அப்ப நல்லதுதானே. நான் டிப்போவுல குடுத்த மனுவும் பரிசீலனையிலதான் இருக்கு. நான் ரிடையராகிட்டேன், அது இன்னும் உயிரோட இருக்கு.”

“என் கட்டுரையும் உயிரோடதான் மச்சான் இருக்கு,” என்றார் டாக்டர், பஸ் வருகிறதா என்று பார்த்தபடி.